வெள்ளை ட்யூப், சிவப்புக் கோடு: டயப்பர் ரேஷும் ஜிங்க் ஆக்சைடும்

இன்னிக்கு கிரிக்கெட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. எங்களுக்கு மூத்த செட்டு ஆலன் டொனால்டைப் பார்த்து வளர்ந்தது. எங்க செட்டு ஆண்ட்ரூ சைமண்ட்ஸைப் பார்த்து வளர்ந்தது. ரெண்டு பேருக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. முகத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஒரு வெள்ளை. டொனால்டுக்கு மூக்கிலும் கன்னத்திலும், சைமண்ட்ஸுக்கு உதட்டில். எங்க தெருவுல ஒருத்தன் அதைப் பார்த்துட்டு டூத் பேஸ்ட்டை உதட்டுல பூசிக்கிட்டு பவுலிங் போட வந்தான். ரெண்டு ஓவர் கூடத் தாங்கலை.

அந்த வெள்ளை, ஜிங்க் ஆக்சைடு. அம்மை போட்டா, வேர்க்குரு வந்தா உடம்புல தடவுற ரோஸ் கலர் காலமைன் லோஷன் இருக்குல்ல, அதுலயும் இதுதான் முக்கியமான சரக்கு. கூடச் சேர்க்கிற கொஞ்சூண்டு இரும்பு ஆக்சைடுதான் அந்த ரோஸ் நிறத்தைக் கொடுக்குது. உங்க பைக் டயர்லயும் இருக்கு. ரப்பரைப் பதப்படுத்த இது வேணும். உலகத்துல தயாராகுற ஜிங்க் ஆக்சைடுல ஏறக்குறைய பாதி ரப்பர் தொழிலுக்கே போயிடுது. மிச்சத்துல ஒரு துளி, பச்சக் குழந்தையோட பின்பக்கத்துக்கு வந்து சேருது. இன்னிக்கு எபிசோடு அந்த ஒரு துளியைப் பத்தி.

வழக்கமா இங்க நாம பேட்டரி, யூ.பி.ஐ., அபார்ட்மென்ட் தண்ணி மோட்டார்னு பேசுவோம். திடீர்னு ஏன் டயப்பர்னு கேட்கலாம். நம்ம கூட்டத்துல நிறைய பேர் இப்ப அப்பா அம்மா ஆகியிருக்கோம். என் பொண்ணுக்கு 10 மாசம். ஆனா காரணம் அது இல்ல. போன மாசம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்தான் காரணம். அதை அவர் அனுமதியோட சுருக்கிச் சொல்றேன்.

"ப்ரோ, பையனுக்கு 8 மாசம். டயப்பர் போடுற இடம் செக்கச் செவேல்னு ஆயிடுச்சு. மெடிக்கல்ல கேட்டேன், ஒரு ட்யூப் கொடுத்தாங்க. மேஜிக் மாதிரி ப்ரோ, ரெண்டே நாள்ல போயிடுச்சு. நிறுத்தினா நாலாவது நாள் திரும்ப வந்துடுது. ரெண்டு மாசமா இதே கதை. ட்யூப் தீரத் தீர வாங்குறோம். இது நார்மலா?"

ட்யூபோட பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதுல ஜிங்க் ஆக்சைடே இல்ல. என்ன இருந்ததுன்னு பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி டயப்பருக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாகணும். இல்லேன்னா, எந்த ட்யூப் எதுக்குன்னு எவ்வளவு சொன்னாலும் மனசுல நிக்காது.

நம்ம தோலோட மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது. பி.எச். அளவுல சொன்னா சுமார் 5.5. தண்ணி 7. அந்த லேசான புளிப்புதான் தோலுக்குக் காவல். தோலோட மேல் அடுக்கு செத்த செல்களால ஆனது. செங்கல் அடுக்கின மாதிரி செல்கள், நடுவுல சிமென்ட் மாதிரி கொழுப்பு. பெரியவங்க தோலை விடக் குழந்தை தோலில் இந்தச் சுவர் மெல்லிசு. இன்னும் கட்டி முடிக்காத வீடு மாதிரின்னு வெச்சுக்கோங்க.

இப்ப இதுக்கு மேல ஒரு டயப்பரைக் கட்டுறோம். காத்து கிடையாது, சூடு, ஈரம். தண்ணியில ரொம்ப நேரம் கை ஊறினா விரல் நுனி என்ன ஆகும்? வெளுத்து, சுருங்கி, லேசா உரசினாலே உரியும். அதேதான் அங்கயும். குழந்தை காலை ஆட்டும்போதெல்லாம் ஊறின தோல் மேல டயப்பர் உரசும். இது முதல் அடி.

இரண்டாவது அடிதான் சுவாரஸ்யமானது. சிறுநீர்ல யூரியா இருக்கு. மலத்துல இருக்கிற சில பாக்டீரியாக்கள் யூரியாவை உடைச்சு அம்மோனியாவா மாத்துது. அந்த அம்மோனியாதான் தோலைச் சுடுதுன்னு ரொம்ப காலமா நம்பிக்கிட்டு இருந்தாங்க. 1980களில் நடந்த ஆராய்ச்சிகள் கதையை மாத்திடுச்சு. அம்மோனியா நேரடியா பெரிய வில்லன் இல்லை. அது தோலோட பி.எச். அளவை மேலே தூக்கிவிடுகிறது, அவ்வளவுதான். ஆனா பி.எச். உயர்ந்ததும், மலத்தில் தூங்கிக்கிட்டு இருக்கிற நொதிகள் முழிச்சுக்குது. புரதத்தைக் கரைக்கிறது ஒண்ணு, கொழுப்பைக் கரைக்கிறது இன்னொண்ணு. குடலுக்குள்ள பாலையும் பருப்பையும் செரிக்க உடம்பு தயாரிச்ச அதே நொதிகள். இப்ப அதுங்களுக்குக் கிடைச்சிருக்கிறது தோல். புரதச் செங்கல், கொழுப்புச் சிமென்ட், ரெண்டையும் செரிக்க ஆரம்பிச்சிடும்.

அதாவது உச்சா மட்டும் தனியா இருந்தா பெரிய பிரச்சினை இல்ல. ஆய் மட்டும் உடனே துடைச்சிட்டாலும் பரவாயில்ல. ரெண்டும் கலந்து, சூட்டுல, மணிக்கணக்கா இருந்தாத்தான் சிக்கல். பேதியாகும்போது ஒரே ராத்திரியில பின்பக்கம் புண்ணாகுறதும் இதனாலதான். குடல்ல சீக்கிரமா ஓடி வந்துடுறதால, அதுல வீரியமான நொதி அதிகம்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைங்களுக்கு ரேஷ் குறைவு. அவங்க மலத்துல பி.எச். குறைவு, நொதியோட வேகமும் குறைவு. கஞ்சி, பருப்பு சாதம்னு ஆரம்பிக்கிறப்ப இது மாறும். ரேஷ் அதிகமா வர்ற வயசு 9 முதல் 12 மாசம். நம்ம வீடுகள்ல "பல்லு முளைக்குது, அதான்"னு சொல்வாங்க. பல்லும் அதே நேரத்துலதான் முளைக்குது, சரி. ஆனா சாப்பாடு மாறினதும் அதே நேரத்துலதானே.

சரி, இப்ப நம்ம ஹீரோ. ஜிங்க் ஆக்சைடு தண்ணியில கரையாது. இது அதோட முதல் தகுதி. மருந்துன்னா உடம்புக்குள்ள போய் வேலை செய்யணும்னு நமக்கு ஒரு எண்ணம் இருக்கு. இது உள்ளே போகாமலே இருக்கணும், அதான் வேலை. வாசலின் மாதிரி ஒரு எண்ணெய்ப் பசையில் இந்தப் பொடியைக் குழைச்சு, தோல் மேல கனமா ஒரு அடுக்கு பூசினா, உச்சாவும் ஆயும் தோலைத் தொட முடியாது. நொதி வந்து முட்டும், உள்ளே போக வழி இருக்காது. அந்த அடுக்குக்குக் கீழே உடம்பு தன் சுவரைத் தானே திரும்பக் கட்டிக்கும். கூடவே லேசா துவர்க்கிற குணமும் உண்டு, கசிவைக் கொஞ்சம் வத்த வைக்கும். கிருமிகளை ஓரளவு அடக்கும். ஆனா முக்கால்வாசி வேலை, நடுவுல நிக்கிறதுதான்.

கம்ப்யூட்டர்காரன் பாஷையில சொன்னா, இது பக்-ஐச் சரி பண்ணாது. சர்வருக்கு முன்னாடி நின்னு மோசமான ட்ராஃபிக்கைத் தடுக்கும். அந்த நேரத்துல நீங்க பக்-ஐச் சரி பண்ணணும். பக் எதுன்னா, மூணு மணி நேரமா மாத்தாத டயப்பர்.

இந்த வெள்ளைப் பசை புதுசு இல்லை. 19ஆம் நூற்றாண்டு கடைசியில பெர்லின்ல ஆஸ்கர் லாசர்னு ஒரு தோல் மருத்துவர் இருந்தார். அவர் பேர்ல லாசர் பேஸ்ட்னு இன்னிக்கும் ஒண்ணு உண்டு. கால் பங்கு ஜிங்க் ஆக்சைடு, கால் பங்கு ஸ்டார்ச், மீதி பாதி வாசலின் மாதிரிப் பசை. அவரோடதுல சாலிசிலிக் அமிலமும் கொஞ்சம் உண்டு, அது குழந்தைக்கு வேண்டாத சமாச்சாரம், அதனால அந்தப் பேரைக் கேட்டு வாங்கிடாதீங்க. நான் சொல்ல வந்தது அந்தப் பதம். கிரீம் வேற, பேஸ்ட் வேற. கிரீம்ல தண்ணி கலந்திருக்கும், தடவினா சுலபமா பரவும், சீக்கிரம் போயிடும். பேஸ்ட்ல பொடி அதிகம், கெட்டியா ஒட்டிக்கிட்டு நிக்கும். டப்ளின்ல தாமஸ் ஸ்மித்னு ஒரு மருந்துக்கடைக்காரர் 1931ல செஞ்ச கிரீம்தான் இன்னிக்கு சூடோக்ரீம்னு விக்கிறது. அதுல 15 சதவீதத்துக்குச் சற்று மேல ஜிங்க் ஆக்சைடு. அமெரிக்காவுல டெசிட்டின்னு ஒண்ணு, அதோட கெட்டி ரகத்துல 40 சதவீதம். பிரிட்டன்ல ரொம்ப காலமா இருக்கிற இன்னொரு கிரீம்ல பாதிக்குப் பாதி விளக்கெண்ணெய். ஆமா, நம்ம பாட்டி வெச்சிருக்கிற அதே விளக்கெண்ணெய், கூட 7.5 சதவீதம் ஜிங்க். அதுல கடலை எண்ணெய் சேர்க்கிறதும் உண்டு, அதனால கடலை அலர்ஜி உள்ள வீடுகள்ல லேபிளைப் பார்த்து வாங்கணும்.

நம்ம ஊர் மெடிக்கல்ல கிடைக்கிற டயப்பர் கிரீம்களில் சதவீதம் ரொம்ப மாறுபடும். ட்யூபோட பின்னாடி "ஜிங்க் ஆக்சைடு ஐ.பி." என்று போட்டு பக்கத்துல ஒரு எண் இருக்கும். ஐ.பி. என்றால் இந்திய மருந்து நூல் தரம். டயர் கம்பெனிக்குப் போற பொடியில ஈயம், காட்மியம் மாதிரி சமாச்சாரம் கலந்திருக்கலாம். மருந்துத் தரத்துல அதுக்குக் கடுமையான வரம்பு உண்டு. அதனால ஆன்லைன்ல கிலோ கணக்குல பொடி வாங்கி வீட்டுல கிரீம் பண்றேன்னு யாராவது ரீல்ஸ் போட்டா, நகர்ந்து போயிடுங்க. தினமும் தடுப்புக்குப் போட 10, 15 சதவீதம் போதும். ஏற்கெனவே சிவந்து எரிஞ்சா 20க்கு மேல, 40 வரைக்கும்.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். இவ்வளவு பரவலா பயன்படுற பொருளுக்கு, நல்ல தரமான பெரிய மருத்துவச் சோதனைகள் குறைவு. வெறும் வாசலினை விட இது எவ்வளவு மேல்னு கேட்டா, அடிச்சுச் சொல்ற அளவுக்கு ஆதாரம் கிடையாது. வீட்ல ஜிங்க் இல்லேன்னா வாசலின் கனமா பூசினாலும் தடுப்புதான். ஆனா நூறு வருஷத்துக்கு மேல பயன்பாடு, ரொம்பக் குறைவான பக்க விளைவு, குழந்தை மருத்துவர்கள் முதல்ல கைகாட்டுறதும் இதைத்தான். எனக்கு அது போதும்.

பேர் பத்தி ஒரு சின்ன கிளைக்கதை. ஜிங்க்குக்கு நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்துல துத்தநாகம்னு படிச்சோம்ல? அந்தச் சொல் கப்பல் ஏறிப் போயிருக்கு. ஆசியாவுல இருந்து ஐரோப்பாவுக்குப் போன இந்த உலோகத்தை அங்கத்திய வணிகர்கள் டூட்டெனாக்னுதான் எழுதி வெச்சாங்க. ராஜஸ்தான்ல உதய்ப்பூர் பக்கம் ஜாவர்ங்கிற இடத்துல, ஐரோப்பா கத்துக்கிறதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே துத்தநாகத்தைக் காய்ச்சி வடிச்சிருக்காங்க. பிரிஸ்டல்ல வில்லியம் சாம்பியன் அதே மாதிரி ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினது 1738ல. இதுல கஷ்டம் என்னன்னா, துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாயிடும். காத்து பட்டா அந்த ஆவி மறுபடி எரிஞ்சு வெள்ளைப் பஞ்சா மிதக்கும். அந்தப் பஞ்சுதான் ஜிங்க் ஆக்சைடு.

இதைச் சொன்னதுக்கு ஒரு காரணமும் இருக்கு. சித்த மருத்துவத்துல நாகம்னா துத்தநாகம். ஆயுர்வேதத்துல நாகம்னா ஈயம். பேர் ஒண்ணு, பொருள் வேற. ஒண்ணு உடம்புக்குத் தேவையான தாது, இன்னொண்ணு குழந்தை மூளைக்கு விஷம். "நாகம்தானே தடவுறீங்க, இதுவும் நாகம்தான்"னு யாராவது பற்பத்தைக் கொண்டு வந்தா, தயவு செஞ்சு குழந்தை பக்கம் விடாதீங்க.

இப்ப எப்படிப் போடணும். ட்யூப் சரியா இருந்தும் பலன் இல்லாம போறதே பெரும்பாலும் போடுற விதத்தாலதான்.

முதல்ல கழுவணும். வெதுவெதுப்பான தண்ணி, பஞ்சு, இல்லேன்னா பழைய காட்டன் வேட்டித் துணி. வெளியில இருக்கும்போது வாசனை இல்லாத வைப்ஸ் ஓகே, ஆனா ஏற்கெனவே புண்ணா இருக்கிற தோல்ல தண்ணிக்கு ஈடு எதுவும் இல்லை. அப்புறம் ஈரத்தை ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. அஞ்சு பத்து நிமிஷம் டயப்பர் இல்லாம ஃபேன் காத்துல விடுங்க. கீழே ஒரு ரப்பர் ஷீட் போட்டுக்கோங்க, இல்லேன்னா மெத்தை உங்க கணக்குல. தோல் முழுசா காஞ்சப்புறம்தான் கிரீம். ஈரத்து மேல பூசினா, தடுக்க வேண்டிய ஈரத்தை உள்ளே வெச்சுப் பூட்டின மாதிரி ஆயிடும்.

பூசுறது எப்படின்னா, நாம மாய்ஸ்சரைசர் தேய்க்கிற மாதிரி தேய்ச்சு உள்ளே இறக்கவே கூடாது. சுவருக்குப் பட்டி பார்க்கிற மாதிரி. தோல் தெரியாத அளவுக்கு, கனமா, வெள்ளையா. தொடை இடுக்குகள்ல முக்கியமா. "எவ்வளவு போடணும்?"னு கேட்டா, உங்க அத்தை பார்த்துட்டு "ஏம்ப்பா இவ்வளவு வீணாக்குற?"னு கேட்குற அளவுக்கு.

அடுத்த தடவை டயப்பர் மாத்தும்போதுதான் நிறைய பேர் கோட்டை விடுற இடம். பழைய பேஸ்ட் முழுசையும் சுரண்டி எடுத்தாத்தான் சுத்தம்னு தேய்ப்போம். அது கெட்டியா ஒட்டியிருக்கும், வராது, இன்னும் தேய்ப்போம். புதுசா வளர்ந்த தோலும் சேர்ந்து போயிடும். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. மேலே ஆய் பட்ட அடுக்கை மட்டும் மெதுவா துடைங்க. கீழே வெள்ளையா, சுத்தமா இருக்கிறதை அப்படியே விட்டுட்டு, அது மேலேயே புதுசா பூசுங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவை, குளிப்பாட்டும்போது, முழுசா எடுக்கணும்னா பஞ்சுல தேங்காய் எண்ணெய் தொட்டு ஒத்தினீங்கன்னா வழுக்கிக்கிட்டு வந்துடும்.

டயப்பரைப் பொறுத்தவரைக்கும், பிறந்த குழந்தைக்கு ரெண்டு மணி நேரம், கொஞ்சம் வளர்ந்தா மூணு நாலு மணி நேரம். ஆய் போனா உடனே, இதுல பேச்சே இல்ல. இன்னிக்கு வர்ற டயப்பர்ல ஒரு ஜெல் இருக்கு, தன் எடையைப் போல பல மடங்கு தண்ணியை உறிஞ்சி வெச்சுக்கும். 1980கள்ல இந்த ஜெல் வந்தப்புறம் ரேஷ் குறைஞ்சதுன்னு சொல்றது உண்மை. ஆனா அதுவே ஒரு வசதியான ஏமாத்து. தொட்டுப் பார்த்தா காஞ்ச மாதிரியே இருக்கும், பாக்கெட்டுல "12 மணி நேரம்"னு போட்டிருக்கும். அந்த 12 மணி நேரம் லீக் ஆகாம இருக்கிறதுக்கான கணக்கு, தோலுக்கான கணக்கு இல்ல.

பாட்டி வைத்தியம் எல்லாத்தையும் நான் கிண்டல் பண்ண மாட்டேன். வெள்ளைக் காட்டன் துணியில கோமணம் கட்டி, நனைஞ்ச உடனே மாத்தி, மீதி நேரம் சும்மா விட்டாங்க பாருங்க, அதை மிஞ்சின வைத்தியம் இன்னிக்கும் இல்ல. தேங்காய் எண்ணெய் லேசான சிவப்புக்கு நல்லதுதான், ஆனா மெல்லிசு, பேதி நேரத்துல தாக்குப் பிடிக்காது. பவுடர் வேண்டாம். பறக்கிற தூள் குழந்தையோட மூச்சுக்குழாய்க்குள்ள போகும், இடுக்குல ஈரத்தோட சேர்ந்து கட்டியாகி உரசும். போரிக் பவுடர் வேண்டவே வேண்டாம், உரிஞ்ச தோல் வழியா உடம்புக்குள்ள போய் விஷமாகும். தேங்காய் எண்ணெயில கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவுறது நம்ம பக்கம் நிறைய வீட்டுல உண்டு. கற்பூரம் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வர வைக்கக் கூடியது, தோல் வழியாவும் உள்ளே போகும். இதுல மட்டும் பாட்டிகிட்ட அன்பா, ஆனா கறாரா சொல்லிடுங்க.

இப்ப அந்த நேயர் ட்யூப்.

அதுல மூணு சரக்கு இருந்தது. ஒரு பூஞ்சை மருந்து, ஒரு பாக்டீரியா மருந்து, மூணாவது குளோபெட்டசோல். குளோபெட்டசோல் ஒரு ஸ்டீராய்டு. தோல்ல தடவுற ஸ்டீராய்டுகளிலேயே உச்ச வீரியம் உள்ள வகை. பெரியவங்களுக்கே டாக்டர்கள் நாள் கணக்கு எண்ணித் தர்றது. அதை 8 மாசக் குழந்தையோட டயப்பருக்குள்ள ரெண்டு மாசம்.

ஏன் மேஜிக் மாதிரி வேலை செஞ்சுது? சிவப்பு, வீக்கம், எரிச்சல் எல்லாம் நம்ம உடம்பு காட்டுற எதிர்வினை. ஸ்டீராய்டு அந்த எதிர்வினையை அமுக்கிடும். ஃபயர் அலாரத்தோட ஒயரைப் பிடுங்கினா சத்தம் நிக்கும், நெருப்பு அப்படியேதான் இருக்கும். உள்ளே பூஞ்சை இருந்தா அது சத்தமில்லாம வளரும். நிறுத்தின நாலாவது நாள் அலாரம் மறுபடி அடிக்கும். நாம திரும்ப ட்யூபைத் திறப்போம்.

டயப்பருக்குள்ள இது ஏன் ரெட்டிப்பு ஆபத்துன்னா, மூடி வெச்ச, ஈரமான, உரிஞ்ச தோல், மருந்தை ரொம்ப அதிகமா உள்ளே இழுக்கும். குழந்தைக்கு உடம்பு எடையோட ஒப்பிட்டா தோல் பரப்பு அதிகம். அதனால தடவின கிரீம் ரத்தத்துக்கே போய்ச் சேரும். தோல் மெலிஞ்சு கோடு கோடா விழும், அது முதல் கட்டம். அடுத்தது, குழந்தை முகம் உருண்டையா ஊதும், எடை ஏறும், வளர்த்தி நிக்கும், உடம்பு தானா சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்காம விட்டுடும். டயப்பர் ரேஷுக்கு இந்த கிரீம் தடவி இப்படி ஆன பச்சக் குழந்தைகளைப் பத்தி மருத்துவ இதழ்கள்ல பதிவுகள் இருக்கு. கொழுகொழுன்னு ஆயிட்டான்னு வீட்ல சந்தோஷப்பட்டுக்கிட்டு இருப்பாங்க, அதுதான் கொடுமை.

இந்தியாவுல தோல் மருத்துவர்கள் இதை வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருக்காங்க. 2018ல மத்திய அரசு விதியைத் திருத்தி, இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு கொண்டு வந்துச்சு. நடைமுறை எப்படி இருக்குன்னு உங்க தெரு முனையில போய்ப் பார்த்தாத் தெரியும். கவுன்ட்டர்ல நிக்கிற பையனைத் திட்டி என்ன ஆகப் போகுது. "சிவப்பா இருக்கு, ஒரு கிரீம் குடுங்க"ன்னு கேட்டா, சிவப்பைச் சீக்கிரம் போக்குறதைத்தான் எடுத்துத் தருவான். எனக்குக் கோபம், மூணு மருந்தை ஒரே ட்யூப்ல அடைச்சு, எந்தத் தோல் வியாதின்னு தெரியாமலே தடவலாம்ங்கிற பழக்கத்தை உருவாக்கினவங்க மேலதான்.

அதனால ட்யூபைத் திருப்பிப் பாருங்க. முதல்ல சிவப்புக் கோடு. பெட்டியிலயோ ட்யூப்லயோ பக்கவாட்டுல சிவப்புக் கோடு இருந்தா, அது சீட்டு மருந்து. அடுத்து பேர். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், இப்படி "சோன்"னு முடியுறது பெரும்பாலும் ஸ்டீராய்டு. ஒரே ஒரு இடத்துல ரொம்ப உஷாரா இருங்க: குளோட்ரிமசோல், குளோபெட்டசோல். கேட்டா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதல் ஆள் பூஞ்சை மருந்து, டயப்பர் ரேஷுக்கு டாக்டர்களே எழுதறது. ரெண்டாவது ஆள் நாம இவ்வளவு நேரம் பேசினவர். ஃபோன்ல வீட்டுக்காரரை வாங்கிட்டு வரச் சொல்லும்போது வாயால சொல்லாதீங்க, போட்டோ அனுப்புங்க.

ஸ்டீராய்டே கெட்டதுன்னு நான் சொல்லலை. ரொம்ப எரிச்சலா இருந்தா, டாக்டர் பார்த்துட்டு ஹைட்ரோகார்ட்டிசோன் மாதிரி வீரியம் குறைஞ்சதை ரெண்டு மூணு நாளைக்கு எழுதலாம். அது அவங்க கணக்கு.

இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற யாராவது ஏற்கெனவே அந்த மாதிரி கிரீமை வாரக்கணக்கா குழந்தைக்குப் போட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, பயந்துட்டு இன்னிக்கே தூக்கிப் போட்டுட்டு சும்மா இருந்துடாதீங்க. திடீர்னு நிறுத்துறதுலயும் ஆபத்து உண்டு, உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கத் திரும்பப் பழக நேரம் எடுக்கும். ட்யூபைக் கையில எடுத்துக்கிட்டு குழந்தை டாக்டர்கிட்ட போங்க, எத்தனை நாள், எத்தனை தடவைன்னு மறைக்காம சொல்லுங்க. நம்ம நேயர் அதைத்தான் செஞ்சார். டாக்டர் சொன்னபடி படிப்படியா நிறுத்தியிருக்காங்க, இப்ப பூஞ்சை மருந்தும் அது மேல ஜிங்க் பேஸ்ட்டும் போயிக்கிட்டு இருக்கு.

பூஞ்சைன்னு எப்படிச் சந்தேகப்படுறது? சாதாரண ரேஷ் டயப்பர் உரசுற மேட்டு இடங்கள்ல வரும், இடுக்கு ஓரளவு தப்பிக்கும். பூஞ்சை இடுக்குலதான் உட்காரும். அடர் சிவப்பா இருக்கும், ஓரத்தைச் சுத்தி தனித்தனியா குட்டிக் குட்டிப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். ஆன்டிபயாட்டிக் குடிச்ச குழந்தைக்கு வர வாய்ப்பு அதிகம். இதுக்கு ஜிங்க் மட்டும் போதாது. ஒழுங்கா ஜிங்க் போட்டு, டயப்பரை மாத்திக்கிட்டே இருந்தும் ரெண்டு மூணு நாள்ல குறையலைன்னாலும் டாக்டர்தான். காய்ச்சல், கொப்புளம், சீழ், ரத்தக் கசிவு, ஒரு மாசத்துக்கும் குறைஞ்ச குழந்தை, இதுல எது இருந்தாலும் ரெண்டு நாள் கூடக் காத்திருக்க வேண்டாம்.

அபூர்வமா ஒண்ணு. டயப்பர் பகுதியில மட்டும் இல்லாம வாயைச் சுத்தியும் கை கால் விரல்கள்லயும் புண், முடி கொட்டுது, பேதியும் நிக்கலைன்னா, அது உடம்புக்குள்ள துத்தநாகம் குறைஞ்சதோட அடையாளமா இருக்கலாம். குடல் துத்தநாகத்தை உறிஞ்சாத ஒரு பரம்பரை நோய் இருக்கு, ரொம்ப காலம் காரணம் தெரியாம குழந்தைகள் செத்துப் போனாங்க. துத்தநாகம் உள்ளுக்குக் கொடுத்தா சரியாகுதுன்னு 1970கள்லதான் கண்டுபிடிச்சாங்க. அங்க மேலே எவ்வளவு பேஸ்ட் பூசினாலும் பிரயோஜனம் கிடையாது.

அதே மாதிரி, பேதிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல ஓ.ஆர்.எஸ். கூட ஜிங்க் மாத்திரை தர்றாங்கல்ல, அது உள்ளுக்கு. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும், பேதி நின்னாலும் முழுசா கொடுத்து முடிக்கணும். பின்பக்கத்துல பேஸ்ட் போட்டிருக்கோமே, மாத்திரை எதுக்குன்னு விட்டுடாதீங்க. ரெண்டும் ஒரே தாதுதான், வேலை வேற வேற.

துணி டயப்பர் பயன்படுத்துறவங்களுக்குக் கடைசியா: இந்தப் பேஸ்ட் துணியில ஒட்டினா லேசுல போகாது, துணியோட உறிஞ்சும் சக்தியும் குறையும். நடுவுல ஒரு மெல்லிசு காட்டன் துண்டு வெச்சுக்கோங்க, அதை மட்டும் தனியா துவைக்கலாம்.

கேள்வி இருந்தா வழக்கம் போல வாய்ஸ் நோட் அனுப்புங்க. குழந்தை போட்டோ வேண்டாம், ட்யூபோட பின்பக்கம் போதும். அடுத்த வாரம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரிக்கிறோம், கடையில அது பக்கத்துலயே அடுக்கி வெச்சிருக்கிற கலர் ஜூஸ் டப்பாவையும் சேர்த்து.